அம்மா கேதம் சொன்ன ஞாயிறு

"ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுக்கிறியாமே. மொதல்ல ஒங்கம்மாவுக்குச் சொல்லிக் குடு. அதுவே ஒன்னால முடியுதான்னு பாப்போம்."

என் தாய்மாமா இதைப் போனில் சொன்னார். சத்தம் போடவில்லை. முப்பது வருடம் தேயிலைத் தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரித்துக் கொடுத்த கங்காணி அவர். குரலை உயர்த்தாமலே ஒருவரைக் கூனிக் குறுக வைக்கத் தெரியும். அவருக்குப் பின்னால் பாத்திரங்கள் உருளும் சத்தமும் யாரோ சிரிப்பை அடக்கும் சத்தமும் கேட்டன. அன்று அவருடைய அறுபதாவது பிறந்தநாள். அன்று காலையில்தான் அவருடைய ஒரே தங்கையான என் அம்மா, அவர் இறந்துவிட்டார் என்று சொந்தக்காரர் எல்லோருக்கும் சொல்லி அழுதிருந்தார்.

மன்னிப்புக் கேட்கத்தான் நான் அழைத்திருந்தேன். "சரிங்க மாமா" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

கண்டியில் ஒரு சிறிய அலுவலகத்தில் வேலை செய்கிறேன். ஐந்து பேர், இரண்டு அறைகள், பெருமழைக்கு ஒழுகும் ஒரு மூலை. போனிலும் தொலைக்காட்சியிலும் பத்திரிகையிலும் வருவதை எப்படிப் பார்ப்பது, எதை நம்புவது, எதை நம்பும் முன் கொஞ்சம் பொறுப்பது என்று சொல்லிக் கொடுப்பதுதான் எங்கள் வேலை. பள்ளிக்கூடங்களுக்குப் போகிறோம். தையல் தொழிற்சாலைப் பெண்களிடம், முச்சக்கர வண்டி ஓட்டுகிறவர்களிடம், ஓய்வு பெற்றவர்களின் சங்கங்களுக்குப் போகிறோம். தமிழ் வகுப்புகள் என் பொறுப்பு. ஒரு முறை குண்டசாலையில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் போயிருந்தபோது, ஊருக்குள் சிறுத்தை வந்துவிட்டது என்று ஒரு படம் எல்லார் வீட்டுப் போனிலும் சுற்றிக்கொண்டிருந்தது. படத்தைத் திரையில் போட்டு, என்ன தெரிகிறது என்று மட்டும் கேட்டேன். எல்லோரும் சிறுத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி வரிசையில் ஒரு பெண் பிள்ளை எழுந்து, "மிஸ், பின்னால இருக்கிற கரண்ட் கம்பத்தப் பாருங்க. நம்ம ஊர்ல இப்பிடிக் கம்பமே இல்ல" என்றாள். அன்று மஹய்யாவவில் உள்ள என் அறைக்கு நான் நடந்துபோன நடை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ராணி மாதிரி நடந்தேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான். அதைச் சொல்லும்போது என் கழுத்து சற்று நிமிரும். அதை மறைக்க நான் விரும்பியதில்லை. அம்மா பள்ளிக்கூடத்துக்குள் காலடி வைத்தது என்னைச் சேர்க்கப் போன அன்றுதான். பெயரை மட்டும் ஒரு படம் வரைவது போல எழுதுவார். என் உயர்தரப் பரீட்சை முடிவு வந்தபோது அந்தத் தாளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு மலைக்கு எடுத்துக்கொண்டு போனார். கூடக் கொழுந்து எடுக்கும் பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொருவராக வாங்கிப் பார்த்தார்களாம். அவர்களில் பாதிப் பேருக்கு அதை வாசிக்கத் தெரியாது. ஆனாலும் எல்லோரும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு "நல்லாருக்கு" என்று சொல்லித்தான் திருப்பிக் கொடுத்தார்களாம்.

அம்மாவுக்குத் தொடுதிரைப் போன் வாங்கிக் கொடுத்தது நான்தான். வேலை கிடைத்த பிறகு முதல் முறை தெல்தோட்டைக்கு மேலே உள்ள எங்கள் தோட்டத்துக்குப் போனபோது கொண்டுபோனேன். அரை மணி நேரத்தில் மூன்று காரியம் சொல்லிக் கொடுத்தேன். இந்தப் பச்சையை அழுத்தினால் அழைப்பு. இந்த மைக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசி, விரலை எடுத்தால் குரல் போய்விடும். இந்த வளைந்த அம்பை அழுத்தினால் வந்தது அப்படியே மற்றவர்களுக்குப் போகும். அம்மா உடனே பிடித்துக்கொண்டார். எனக்கு ஒரே பெருமை. கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரமும் இருந்தது.

அதன் பிறகு குரல் செய்திகள் வரத் தொடங்கின.

எல்லாமே ஒரே மாதிரித்தான் தொடங்கும். "பாப்பா, அம்மா பேசுறேன்." பிறகு ஒரு நிறுத்தம். நான் "ம்" என்று சொல்வதற்கு அம்மா விடும் இடம் அது. பதில் அப்போதே வராது என்று எத்தனை முறை சொல்லியும் அந்த இடத்தை விடாமல் இருக்க அவரால் முடியவில்லை. பிறகு செய்திகள். இங்க காலையிலேர்ந்து ஒரே மூடம், எதிர்ல நிக்கிறவங்க தெரியல. பூனை அடுப்புக்குப் பின்னால மூணு குட்டி போட்டிருக்கு. அவரைக் கொடி கூரை மேல ஏறிருச்சு. நீ சாப்பிட்டியா, கண்டிக்குள்ள இருக்கேன்னு கண்டதையும் வாங்கித் திங்காத. பின்னணியில் பொதுப் பீலிக் குழாயில் தண்ணீர் விழும் சத்தமும், பக்கத்துக் காம்பரா வீட்டின் வானொலியும், தகரத்தில் மழையும் கேட்கும். அம்மாவுக்கு முடிக்கத் தெரியாது. "சரி, வைக்கிறேன்" என்பார். விரலை எடுக்க மறந்துவிடுவார். "எங்க வைக்கிறது இத" என்று தனக்குள் பேசுவார். அப்புறம்தான் நிற்கும்.

நான் அவற்றை எப்படிக் கேட்டேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். வந்தவுடன் கேட்டதில்லை. சேர்த்து வைத்து, உடுப்புத் துவைக்கும்போது, வேகத்தைக் கூட்டி ஓடவிட்டுக் கேட்பேன். அந்த வேகத்தில் அம்மா யாரோ அவசரக்காரப் பெண்ணாகத் தெரிவார். "ம்" சொல்வதற்காக அவர் விட்ட இடம் ஒரு கணமாகச் சுருங்கிவிடும். போனில் இடம் குறைந்தபோதெல்லாம் பழையவற்றை அழித்தேன்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒருவர் இறந்தால் சொந்தக்காரருக்கு ஆள் அனுப்பிச் சொல்ல வேண்டும். கேதம் சொல்வது என்போம். கேதம் கேட்டவர் அதைத் தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது. சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லி முடிக்கும்வரை பச்சைத் தண்ணீர் குடிக்கக் கூடாது. அதிலும் சொந்தத்துக்குத்தான் முதலில் போக வேண்டும். அதற்கு முன் வெளியாளிடம் வாய் திறக்கக் கூடாது. ஒரு வீட்டுக்குக் கேதம் சொல்லாமல் விட்டுப்போனால் அந்தப் பகை இரண்டு தலைமுறைக்கு நிற்கும். அந்தக் காலத்தில் இதற்காக மலை ஏறி இறங்கி இருபது மைல் நடந்தவர்கள் உண்டு. இப்போது அம்மாவின் கையில் வளைந்த அம்பு இருந்தது.

மாமா நாவலப்பிட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். அவருடைய மருமகள் கொழும்பில் வேலை செய்கிறவள். மாமனாரின் அறுபதுக்கு அவள் ஆசையாக ஒரு படம் செய்திருந்தாள். மாமாவிடம் நல்ல படம் இல்லை. அடையாள அட்டைக்கு எடுத்த பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை நடுவில் வைத்து, சுற்றிலும் பூ போட்டு, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு எரியவிட்டிருந்தாள். கீழே "அகவை அறுபது, பல்லாண்டு வாழ்க" என்று எழுத்து. அதைக் குடும்பக் குரூப்பில் போட்டதும் மூன்று நான்கு பேர் மரியாதைக்குக் கும்பிடும் கைகளைப் போட்டார்கள்.

அம்மாவால் எழுத்தை வாசிக்க முடியாது. மற்ற எல்லாவற்றையும் வாசித்தார். கறுப்பு வெள்ளை முகம், பூ, விளக்கு, கும்பிடும் கைகள்.

அந்த நேரம் நான் குண்டசாலையில், ஓய்வு பெற்றவர்களுக்கான ஒரு வகுப்பில் நின்றேன். வகுப்பில் என் போன் சத்தமில்லாமல் பைக்குள் இருக்கும். அது நானே எனக்குப் போட்ட கட்டுப்பாடு. மதியம் எடுத்துப் பார்த்தபோது முப்பதுக்கு மேல் தவறிய அழைப்புகள். குரூப்பைத் திறந்தால் அந்தப் படம் பல முறை சுற்றியிருந்தது. தனியாக அம்மாவிடமிருந்து எனக்கு வந்திருந்தவற்றில் கடைசியாக இருந்ததை அழுத்தினேன். "எங்கண்ணே போயிட்டாரே" என்று அம்மா ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார். மறுபடி படத்தைப் பார்த்தேன். எழுத்தை ஒரே பார்வையில் வாசித்தேன். உண்மையைச் சொன்னால், முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அம்மாவின் ஒப்பாரியோடு வந்த படத்தில் எழுத்தை வாசிக்க யாரும் நிற்கவில்லை. அதற்குள் மாத்தளையிலிருந்து ஒரு குடும்பம் மாலையோடு புறப்பட்டுவிட்டது. ஹட்டனிலிருந்து சித்தப்பா கோடித் துணியோடு பஸ் ஏறிவிட்டார். முதலில் போய்ச் சேர்ந்தவர்கள் வாடகை வண்டியிலிருந்து இறங்கும்போதே தலைமுடியை அவிழ்த்துப் போட்டு அழுதுகொண்டு உள்ளே ஓடினார்களாம். உள்ளே மாமா புதுச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் கேக் துண்டோடு உட்கார்ந்திருந்தாராம். அத்தை மாலைகளைப் பிடுங்கி வெளியே எறிந்தார். அறுபதாவது பிறந்தநாளில் வீட்டு வாசலில் ஒப்பாரி கேட்டால் எந்த மனைவிக்கும் வயிறு எரியும். சாயங்காலம் போகும்போது வந்தவர்களுக்கு அது வேடிக்கைக் கதையாகிவிட்டது. அம்மாவுக்கு ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள். கேதக்காரி. "கேதக்காரி என்ன சொல்றா, இன்னைக்கி யாரு போறாங்களாம்?" என்று குரூப்பில் கேட்டுச் சிரித்தார்கள். அதை அம்மாவால் வாசிக்க முடியாது. ஆனால் ஒருவர் குரல் செய்தியாகவே அனுப்பியிருந்தார்.

அம்மா போனை அணைத்து, பழைய சேலைத் துண்டில் சுற்றி, தகரப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

அதன் பிறகு பக்கத்துக் காம்பரா அக்காவின் போனுக்குத்தான் நான் அழைக்க வேண்டியிருந்தது. அம்மா வந்து பேசுவார். "நல்லாருக்கேன். நீ வேலையப் பாரு." அவ்வளவுதான். இரவல் போனில் பூனைக்குட்டியைப் பற்றியெல்லாம் பேச மாட்டார். அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. நாவலப்பிட்டியில் ஒரு பெயர் சூட்டு விழா நடந்தது. அம்மாவுக்குச் சொல்லி அனுப்பவில்லை.

மூன்று மாதம் போனது. மஹய்யாவவில் என் அறைக்கு வெளியே எப்போதும் யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள். பீலியடியில் சண்டை, பிள்ளைகளைக் கூப்பிடும் சத்தம், கோயில் ஒலிபெருக்கி. அத்தனை சத்தத்துக்கு நடுவில் எனக்கு ஒரே ஒரு குரல் வேண்டியிருந்தது. அழிக்காமல் மிஞ்சியிருந்தவை பதினொரு செய்திகள். வேகத்தைக் குறைத்து, அம்மாவின் வேகத்திலேயே கேட்டேன். "பாப்பா, அம்மா பேசுறேன்" என்றதும் வரும் நிறுத்தத்தில் "ம்" என்று சொல்லவும் செய்தேன். தனியாக இருக்கும் ஒரு பெண் போனைப் பார்த்து "ம்" என்று சொல்வதை யாராவது பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ. பதினொன்றும் முடிந்ததும் நிறுத்திவிடுவேன். அதற்குக் கீழே அந்த ஞாயிறு இருந்தது. அந்த ஒப்பாரி இருக்கும் பக்கத்துக்குப் போக எனக்குத் தைரியமில்லை.

ஆனால் வகுப்பில் அதைச் சொல்லத் தைரியம் இருந்தது. எனக்கே வெட்கமான இடம் இதுதான். "எனக்குத் தெரிந்த ஒரு அம்மா" என்று தொடங்கிப் படத்தை விவரித்து, கேக் துண்டில் கொண்டுபோய் முடிப்பேன். பள்ளிக்கூடத்திலும் சிரித்தார்கள், முதியவர்களும் சிரித்தார்கள். நல்ல உதாரணம் என்று அலுவலகத்தில் பாராட்டினார்கள். மாமாவின் சொல்லுக்கு நான் பதில் சொல்லிக்கொண்டிருப்பதாக ஒரு நினைப்பு எனக்கு.

அக்குறணையில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் பெண்களுக்கான வகுப்பு. சனிக்கிழமை காலைகளில் நடக்கும். அங்கேயும் இந்தக் கதையைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள், ஒருவரைத் தவிர. ஐம்பது வயது இருக்கும், அந்தக் கடைக்காரரின் மனைவி. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கேட்டார்.

"டீச்சர், அந்த மனிசி ஒருத்தர்ட்டயும் கேக்கல்லயா?"

"இல்லை. அதுதான் அவர் செய்த பிழை" என்றேன். திரும்பி, வெள்ளைப் பலகையில் "அனுப்பும் முன் கேள்" என்று பெரிதாக எழுதினேன்.

அவர் விடவில்லை. "அண்ணன் மவுத்துன்டு நெனச்சா, ஒரு ஆள்ட்டயாவது கேக்காம ஈப்பாங்களா?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகச் சொன்னார்.

திரும்பி வரும்போது கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு முன்னால் பஸ் நின்றுவிட்டது. சனிக்கிழமை நெரிசல். போனை எடுத்தேன். அம்மாவின் செய்திகளுக்குப் போய், பதினொன்றையும் தாண்டி, முதல் முறையாக அந்த ஞாயிற்றுக்குக் கீழிறங்கினேன். இரண்டு தவறிய அழைப்புகள். அந்தப் படம். படத்துக்குக் கீழே ஒரு குரல் செய்தி, அதன் ஓரம் இன்னும் பச்சையாக இருந்தது. கேட்கப்படாதது என்று அர்த்தம். அதற்கும் கீழேதான், இரண்டு மணி நேரம் கழித்து வந்த ஒப்பாரி. அன்று நான் கடைசியை மட்டும் அழுத்தினேன்; மேலே ஒன்று இருப்பதைப் பார்க்கவேயில்லை.

பஸ்ஸில் அத்தனை பேருக்கு நடுவில் காதோடு வைத்துக் கேட்டேன்.

"பாப்பா, அம்மா பேசுறேன்." நிறுத்தம். "மாமா படம் ஒண்ணு வந்திருக்கு. பூவெல்லாம் போட்டு வெளக்கு வச்சிருக்கு. கீழ என்னமோ எழுதியிருக்கு. எனக்குப் படபடன்னு வருது. நீ கொஞ்சம் படிச்சுச் சொல்லு. நீ சொல்ற வரைக்கும் நான் யாருக்கும் சொல்லல." பிறகு கொஞ்ச நேரம் மூச்சு மட்டும். விரலை எடுக்க மறந்திருந்தார்.

மறுநாள் தோட்டத்துக்குப் போனேன். அம்மா லயத்து வீட்டு முன்வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் செய்தியை ஓடவிட்டேன். தன் குரலைக் கேட்டதும் அம்மாவின் கை நின்றது. "நிப்பாட்டு" என்றார்.

எத்தனை நேரம் காத்திருந்தார் என்று கேட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். எனக்கு இரண்டு முறை அழைத்திருக்கிறார். மாமா வீட்டுக்கும் அழைத்திருக்கிறார். அவர்கள் அந்த நேரம் கோயிலில் அர்ச்சனைக்கு நின்றதால் யாரும் எடுக்கவில்லை. சாவு வீட்டில் யார் போனை எடுப்பார்கள் என்று அதையும் ஒரு அடையாளமாக எடுத்துக்கொண்டார். பக்கத்துக் காம்பராவில் வாசிக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். ஆனால் கேதமாக இருந்தால் அது சொந்தத்துக்கு முன்னால் வெளியாளுக்குப் போயிருக்கும். தண்ணீர்கூடக் குடிக்காமல் இரண்டு மணி நேரம் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்.

"பூ போட்டிருந்துச்சு, வெளக்கு எரிஞ்சுச்சு, எல்லாரும் கும்பிட்டிருந்தாங்க. உசுரோட இருக்கவங்களுக்கு யாரு அப்பிடிச் செய்வா?" என்று அம்மா கேட்டார்.

வகுப்பில் நான் சொல்லிக் கொடுக்கும் வரிசைப்படியே அம்மா எல்லாம் செய்திருந்தார். படத்தில் இருப்பதை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்டார். பதிலுக்காகப் பொறுத்திருந்தார். அவர் கேட்ட ஆள் அந்நேரம் வேறு ஊரில் நின்று, அனுப்பும் முன் யாரிடமாவது கேளுங்கள் என்று முன்பின் தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நீ ஏம்மா இத யார்ட்டயும் சொல்லல? எங்கிட்ட கேட்டேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஒம்மேல தப்பில்லன்னு தெரிஞ்சிருக்குமே."

"அப்பறம் யாரு மேலன்னு கேப்பாங்க." அம்மா மறுபடி கீரையை எடுத்தார். "எனக்கு எழுத்து தெரியாது. கேதக்காரின்னா சொல்லிட்டுப் போறாங்க. படிச்ச புள்ள, ஆத்தா கூப்பிட்டும் எடுக்கலன்னு ஒன்னைய ஒரு சொல்லு சொல்லிரக் கூடாது."

"நான் இப்ப சொல்லிர்றேன்."

"வேணாம். ஒம் பேரு கெடும். பேசாம இரு."

தகரப் பெட்டியைத் திறந்து, சேலைத் துண்டைப் பிரித்து, போனைச் சார்ஜில் போட்டேன். அம்மா தூரத்திலிருந்து பார்த்தார். வெளிச்சம் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அது கையில இருந்தாவே பயமா இருக்கு பாப்பா. எடுத்து வச்சிரு" என்றார். சாப்பிட்ட பிறகு, ஒரு முறை எனக்குப் பேசி அனுப்பிக் காட்டு என்று கெஞ்சினேன். பூனை எங்கே என்று மட்டுமாவது சொல் என்றேன். பூனை உன் காலடியில்தான் நிற்கிறது, நேராகவே பார் என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நான் கிளம்பும்போது போன் மறுபடி சேலைத் துண்டுக்குள் போயிருந்தது.

அடுத்த சனிக்கிழமை அக்குறணையில் வகுப்புத் தொடங்கும் முன் என் போனை மேசை மேல், எல்லோருக்கும் தெரியும்படி, சத்தத்தைக் கூட்டி வைத்தேன். போன வாரம் சொன்ன கதையில் ஒரு பொய் இருக்கிறது என்றேன். அந்த அம்மா என் அம்மா என்றேன். அவர் கேட்டார், என்னிடம்தான் கேட்டார் என்றேன். பலகையில் எழுதிய அந்த வரிக்குக் கீழே "கேட்டால் பதில் சொல்" என்று எழுத நினைத்திருந்தேன். எழுதவில்லை.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பிறகு அந்தக் கடைக்காரரின் மனைவிதான் சிரித்தார். "அப்ப அவங்க சரியாத்தானே செஞ்சீக்கிறாங்க. பெயிலானது டீச்சர்தான்."

எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். அந்த வகுப்பு நன்றாக நடந்தது. பெண்கள் தங்கள் வீட்டுக் கதைகளைச் சொன்னார்கள். பிள்ளைகளிடம் ஒரு படத்தைக் காட்டி இது உண்மையா என்று கேட்டால், "உம்மாக்கு ஒண்டும் தெரியா" என்று முகத்தைச் சுளிப்பார்களாம்; அதனால் கேட்பதையே விட்டுவிட்டோம் என்றார்கள் இரண்டு பேர். நான் குறிப்பு எடுத்தேன். எத்தனை வகுப்புகளில் நான் இந்தக் கதையைக் கேட்காமல் விட்டிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லோரும் போன பிறகு கடைக்காரரின் மனைவி கதிரைகளை அடுக்க எனக்கு உதவினார்.

"இத அந்த மாமாக்குச் சென்னீங்களா?" என்று கேட்டார்.

"இல்லை. அம்மா வேண்டாம் என்கிறார்."

"எனக்குச் சென்னா என்ன பிரயோசனம் மகள்?" என்றார். டீச்சர் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் மகள் என்றது அப்போதுதான். பிறகு கீழே கடைக்கு ஆள் வந்துவிட்டதென்று இறங்கிப் போய்விட்டார்.

நானும் இறங்கினேன். மாத்தளை வீதியில் லொறிகள் ஹோர்ன் அடித்துக்கொண்டு போயின. பஸ் தரிப்பில் கூட்டம். கடையின் பக்கச் சுவரோரம் ஒதுங்கி நின்று குடும்பக் குரூப்பைத் திறந்தேன். மாமா, அத்தை, கொழும்பு மருமகள், மாத்தளைக்காரர்கள், கோடித் துணியோடு வந்த சித்தப்பா எல்லோரும் அதில் இருக்கிறார்கள். அம்மாவும் இருக்கிறார், தகரப் பெட்டிக்குள்.

எழுதி அனுப்பலாம். எழுத்து எனக்கு நன்றாக வரும். அழகான வாக்கியங்களில், என் பெயர் அதிகம் கெடாதபடி எழுதியிருப்பேன். ஆனால் அம்மா கேட்க வேண்டும். என்றாவது அந்தப் போனைத் திறந்தால், யாரையும் வாசிக்கச் சொல்லாமல் அவரே கேட்க வேண்டும். மைக்கை அழுத்திப் பிடித்தேன்.

"நான் பேசுறேன்" என்று தொடங்கினேன். கொஞ்சம் நிறுத்தினேன், அம்மா "ம்" சொல்ல. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அன்று அம்மா யாருக்கும் சொல்லும் முன் எனக்கு அனுப்பினார், என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார், இரண்டு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் காத்திருந்தார், நான் பார்க்கவில்லை, மூன்று மாதமும் பார்க்கவில்லை. அம்மாவின் அந்தச் செய்தியையும் இதோடு அனுப்புகிறேன், கேளுங்கள் என்றேன். மாமா, நீங்க கேட்டீங்களே, சொல்லிக் குடுக்க முடியுமான்னு, அவங்க சரியாத்தான் செஞ்சிருக்காங்க, எனக்குத்தான் தெரியல என்றேன். நடுவில் ஒரு லொறி நீளமாக ஹோர்ன் அடித்தது. அழித்துவிட்டு மறுபடி நன்றாகப் பேசலாமா என்று ஒரு நினைப்பு வந்தது.

அம்மாவைப் போலவே எனக்கும் எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. "சரி, வைக்கிறேன்" என்று சொல்லி விரலை எடுத்தேன். போய்விட்டது.